அசையாத முள்

ஆபரேஷனில் மயக்க வாயு கொடுக்கும் பாயில்ஸ் மெஷினுக்கு அந்தப் பெயர் வந்தது பாயில் விதியைச் சொன்ன ராபர்ட் பாயிலால்தான் என்று முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் 17ஆம் நூற்றாண்டு ஆள். மெஷினை 1917இல் உருவாக்கியவர் ஹென்றி பாயில் என்ற லண்டன் மயக்க மருந்து டாக்டர். வேடிக்கை என்னவென்றால், அதில் மாட்டியிருக்கும் இரண்டு சிலிண்டர்களில் ஒன்று பழைய பாயில் பேச்சைக் கேட்கும், இன்னொன்று கேட்காது.

கேட்பது ஆக்சிஜன், அழுத்தம் பாதியானால் மிச்சமிருக்கும் வாயுவும் பாதி. பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் அழுத்தம் சுமார் 2000 பிஎஸ்ஐ, உள்ளே 1500 லிட்டர் வாயு. 1000 காட்டினால் பாதி, நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். (அந்தக் கடைசி அரை மணியை நான் நம்புவதில்லை, முன்னாடியே மாற்றிவிடுவேன்.)

இன்னொன்றான நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு) அப்படியில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு நீண்ட ஆபரேஷன், காலையிலிருந்து அழுத்த மீட்டரின் முள் 750 பிஎஸ்ஐயை விட்டு அசையவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். டெக்னீஷியன் அண்ணன் வந்து சிலிண்டரைத் தடவிப் பார்த்தார். அடியில் நாலு விரல் உயரத்துக்குத்தான் வேர்த்திருந்தது.

"மேடம், தீரப்போகுது."

"முள் அப்படியேதானே நிக்குது அண்ணா?"

"வீட்ல காஸ் சிலிண்டரை மீட்டர் பாத்தா மாத்துறீங்க?"

கொஞ்ச நேரத்தில் முள் மளமளவென இறங்கியது, வாயு ஓடும் வேகத்தைக் காட்டும் ரோட்டாமீட்டர் குழாயில் பாபின் என்ற மிதவை சரிந்தது, நோயாளியின் நாடி ஏறத் தொடங்கியது. நல்லவேளை, மாற்றுச் சிலிண்டரை அண்ணன் முன்பே மாட்டி வைத்திருந்தார்.

சமையல் காஸ் மாதிரி நைட்ரஸும் உள்ளே திரவமாகத்தான் இருக்கிறது. நாம் இழுக்க இழுக்கத் திரவம் ஆவியாகி இடத்தை நிரப்பும், அதற்கான வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த வேர்வை. முள் காட்டுவது ஆவி அழுத்தத்தை மட்டும், 20 டிகிரியில் சுமார் 51 பார், அதாவது அந்த 750 பிஎஸ்ஐதான். திரவம் ஒரு சொட்டு இருந்தாலும் அதேதான். அதுவும் 36.5 டிகிரிக்கு மேல் போனால் திரவம் என்ற பேச்சே கிடையாது, சித்திரை வெயிலில் வராந்தாவில் நிற்கும் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் எடை போடப் பழகினேன். காலி எடை கழுத்தில் பொறித்திருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் தராசு ஏது, சமையலறையில் அரிசி நிறுக்கும் தராசுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு நாள் 880 கிராம் கூடுதலாக இருந்தது. 44 கிராம் நைட்ரஸ் ஆவியானால் 24 லிட்டர் என்று கணக்கு வைத்தால் 480 லிட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் வைத்தால் 160 நிமிடம். அன்றைக்கு ஒரே ஒரு தைராய்டு ஆபரேஷன். சரி, மாட்டுங்க அண்ணா என்றேன்.