கமாண்டர் அறைக்கு வெளியே ஒரு மேசை

ஜனவரி 8, 2025, புதன்

காலை ஏழரைக்கு ஷெரீப் அலுவலகத்துக்குள் நுழையும்போதே கமாண்டர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாக எட்டுக்குத்தான் வருவார். மேசை மேல் இரண்டு காபிக் கோப்பைகள், இரண்டும் ஆறிப்போயிருந்தன. வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் 20 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 12 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஈட்டன் கான்யன் பக்கம் பிடித்த தீ, ராத்திரியோடு ராத்திரியாக அல்டடீனாவுக்குள் இறங்கிவிட்டது. அல்டடீனா எந்த நகராட்சியிலும் சேராத ஊர். அதற்கென்று தனிப் போலீஸ் கிடையாது, கவுண்டி ஷெரீப்தான் போலீஸ். ஆட்களை வீட்டைவிட்டுக் கிளப்புவது, காலியான தெருவில் திருடன் புகாமல் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். அந்தத் துறை அமெரிக்காவிலேயே பெரிய ஷெரீப் துறை. அவர்களுக்கே ஆள் பற்றவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். கலிபோர்னியாவை 7 மண்டலமாகப் பிரித்து, ஒரு கவுண்டிக்குத் தேவை வந்தால் மற்ற கவுண்டிகள் டெபுடிகளை, அதாவது ஷெரீப்பின் போலீஸ்காரர்களை, அனுப்ப ஓர் ஏற்பாடு உண்டு. மியூச்சுவல் எய்டு என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த போன் இங்கே வந்திருக்கிறது. கேட்டது 20 பேர். கொடுத்தது 12.

அந்தப் பன்னிரண்டுக்காகத்தான் அவர் தூங்கவில்லை. நெருப்பை நினைத்து மட்டும் இல்லை, இங்கே ஷிப்டுகளில் விழும் ஓட்டைகளை நினைத்தும்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் ஒன்றில், ஷெரீப் அலுவலகத்தில், சீருடை போடாத ஊழியர் நான். எந்தக் கவுண்டி என்று எழுதமாட்டேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். என் வேலை ஓவர்டைம் தாள். எந்த ஷிப்டில் யார் இல்லையோ அங்கே வேறொரு பெயரை எழுதுவது. விருப்பப்பட்டு வருபவர்கள் தீர்ந்துவிட்டால் கட்டாய ஓவர்டைம். பட்டியலில் மேலே இருக்கும் பெயரை எடுத்துப் போட வேண்டியதுதான். தாளின் அடியில் கமாண்டர் இனிஷியல் வைப்பார்.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவோடு போன். டிவியில் தீயைப் பார்த்துவிட்டு, "உன் ஊர்ப் பக்கமாடி?" என்று ஆரம்பித்து, கடைசியில் வழக்கமான கேள்விக்கு வந்தாள். "உங்க அம்மணி எஸ்.பி.யா, டி.எஸ்.பி.யா?"

நாலு வருஷமாகப் பதில் சொல்கிறேன். ஷெரீப்பைத்தான் எஸ்.பி.யோடு ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் எஸ்.பி.யை அரசாங்கம் போடும், அரசாங்கம் மாற்றும். சாயங்காலம் ஆர்டர் வந்தால் காலையில் பெட்டி கட்டவேண்டும். இங்கே ஷெரீப் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர். கலிபோர்னியா அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கவர்னர் நினைத்தால்கூட வேறு மாவட்டத்துக்குத் தூக்கியடிக்க முடியாது. சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரீப் இருந்தார். அது விழாவுக்கு வந்து மாலை வாங்கும் அலங்காரப் பதவி. அம்மாவுக்கு அந்த ஷெரீப்தான் ஞாபகம்.

சரி, எங்கள் கமாண்டர் யார்? டெபுடி, சார்ஜென்ட், லெப்டினன்ட், கேப்டன், அதற்கு மேல் கமாண்டர். காலரில் ஒற்றை நட்சத்திரம். லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி பெரிய இடத்தில் கமாண்டருக்கு மேல் சீஃப், அசிஸ்டென்ட் ஷெரீப், அண்டர்ஷெரீப் என்று மாடிமேல் மாடி. எங்கள் இடம் சின்னது. கமாண்டருக்கு மேல் அண்டர்ஷெரீப், அவருக்கு மேல் ஷெரீப், அவ்வளவுதான். ரோந்துப் பிரிவு முழுக்க இவர் கையில். ஜெயிலுக்கு இன்னொரு கமாண்டர்.

"அப்போ ஏ.டி.எஸ்.பி.ன்னு வெச்சுக்கிறேன்" என்றாள் அம்மா. வைத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

கமாண்டரோடு ஒரு சின்ன நகராட்சியின் கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். புள்ளிவிவரத் தாள்களைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டுமே.

இந்த ஊர் தனக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ளாமல் எங்களிடம் ஒப்பந்தத்தில் வாங்குகிறது. இந்த வழியை ஆரம்பித்து வைத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் உள்ள லேக்வுட். 1954-இல் நகரமானபோது, போலீசை நாமே ஏன் கட்டி ஆளவேண்டும், கவுண்டிக்குப் பணம் கட்டி வாங்கிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இன்று அந்த ஒரு கவுண்டியில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் அப்படி வாங்குகின்றன. அங்கே கணக்கு, 56 மணி நேர யூனிட். ஒரு ரோந்துக் காரில் ஓர் ஆள், தினம் 8 மணி நேரம், வாரம் 7 நாள். பால் பாக்கெட் மாதிரி எத்தனை வேண்டும் என்று சொல்லி வாங்கவேண்டியது. எங்கள் ஒப்பந்தமும் ஏறக்குறைய அதே அச்சுதான்.

கவுன்சிலர் ஒருவர் கேட்டார்: நாங்கள் காசு கொடுத்த காரிலிருந்த ஆள் ஏன் இரண்டு வாரம் அல்டடீனாவில் நின்றார்? கமாண்டர் கோபப்படவில்லை. அந்த நாட்களில் இந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் குறைந்தது, அதை எந்த மாதம் எப்படி ஈடுகட்டுவார் என்று தாளைப் பார்த்து வாசித்தார். நாற்பது நிமிஷக் கூட்டத்தில் திருடன் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. எல்லாம் மணி, டாலர், யூனிட்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த வாரம் ட்யூட்டி போன் அவரிடம். ஒரு வாரம் முழுக்க ராத்திரி எது நடந்தாலும் அவருக்குத்தான் மணி அடிக்கும். எதற்கு அடிக்கவேண்டும் என்று ஒரு பட்டியலே உண்டு. டெபுடி சுட்டுவிட்டால், துரத்திய கார் மோதி யாராவது செத்தால், ஜெயிலில் மரணம் என்றால், குழந்தை காணாமல் போனால்.

மணி அடித்த நிமிஷத்திலிருந்து வேறு கடிகாரங்கள் ஓட ஆரம்பிக்கும். துப்பாக்கிச் சூடு என்றால் பாடி கேமரா வீடியோவை வழக்கமாக 45 நாளுக்குள் வெளியிடவேண்டும். செத்தவர் கையில் ஆயுதம் இல்லை என்றால் மாநில அட்டர்னி ஜெனரலின் ஆட்கள் விசாரிக்க வருவார்கள். 2021 ஜூலையிலிருந்து அப்படி. ஆகவே கமாண்டர் தூக்கக் கலக்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "அவர் கையில் என்ன இருந்தது?" என்பதுதான். அதற்கு முன்னால், "நம் ஆட்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி. இந்த வரிசை மாறி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று மனசு சரியில்லை.

ஒரு டெபுடியின் வேலை நேரக் கணக்கு வேண்டும் என்றார் கமாண்டர். போன ஆகஸ்டில் ஒரு குறிப்பிட்ட ராத்திரிக்கு முந்தைய 14 நாள். எதற்கென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஜெயிலில் மணிக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு அறையிலும் ஆளைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது மாநில விதி. நடந்துபோய், சுவரில் இருக்கும் பொத்தானைக் கருவியால் தொட்டு, நேரத்தைப் பதியவேண்டும். அந்த ராத்திரி மூன்றரை மணிச் சுற்றுக்கு அவர் போகவே இல்லை. போனதாகக் கையால் எழுதி வைத்துவிட்டார். பொத்தான் பொய் சொல்லாதே. கைதி யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் கதையே வேறு.

கணக்கை எடுத்தேன். எங்களுக்கு 12 மணி நேர ஷிப்ட். 14 நாளில் 7 ஷிப்ட், 84 மணி. அதுதான் வழக்கம். அவருக்கு 12 ஷிப்ட், 144 மணி. கூடுதலான ஐந்தில் இரண்டு அவராகக் கேட்டு வாங்கியது. மூன்று கட்டாயம். அந்த மூன்றிலும் பெயரை எழுதிய கை என்னுடையது. அடியில் கமாண்டரின் இனிஷியல்.

தாளைக் கொடுத்தேன். 144-ஐ விரலால் தொட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் "தேங்க் யூ" என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மதியச் சாப்பாட்டின்போது ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஒருவர் எட்டிப் பார்த்தார். இப்போது வாரம் இரண்டு நாள் கோப்பு சரிபார்க்க வருகிறார். பேச்சு எங்கெங்கோ போய் லாஸ் ஏஞ்சல்ஸ் கதையில் நின்றது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் கதை அது.

2011-இல் அங்கே ஜெயிலில் கைதிகளை அடிக்கிறார்கள் என்று எப்.பி.ஐ. ரகசியமாக விசாரித்தது. உள்ளே அவர்களுக்குத் தகவல் கொடுத்த ஒரு கைதி இருந்தார். அது ஷெரீப் துறைக்குத் தெரிய வந்ததும் அந்தக் கைதியைப் பெயரை மாற்றி மாற்றி இடம் விட்டு இடம் ஒளித்துவைத்தார்கள். எப்.பி.ஐ. பெண் அதிகாரியின் வீட்டு வாசலில் போய் நின்று, உன்னைக் கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். அப்போது அண்டர்ஷெரீப் பால் டனாகா. 2016-இல் அவருக்கு 5 வருஷத் தண்டனை. அடுத்த வருஷம் ஷெரீப் லீ பாகாவுக்கு 3 வருஷம்.

லெப்டினன்ட் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனால் முதலில் தண்டனை வாங்கியது யார்?" என்று கேட்டார். 2014-லேயே தண்டனை வாங்கியவர்கள் டெபுடிகள், சார்ஜென்ட்கள், லெப்டினன்ட்கள். மேலேயிருந்து சொன்னார்கள், செய்தோம் என்றது கோர்ட்டில் எடுபடவில்லை.

அண்டர்ஷெரீப்புக்கோ கமாண்டருக்கோ யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஷெரீப் படம்தான் போஸ்டரில். ஆனால் தினசரி எந்த ஆள் எங்கே நிற்கவேண்டும், எந்தக் கோப்பு நகரவேண்டும் என்பது இந்த நடு அடுக்கில்தான் முடிவாகிறது. நல்லவர் கையில் கிடைத்தால் நம் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று ஸ்கெல்லி.

பெயரைக் கேட்டால் ஏதோ போலீஸ்காரர் போல இருக்கும். ஸ்கெல்லி ஒரு டாக்டர். கலிபோர்னியா மாநில அரசு வேலையில் இருந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் போனால் திரும்ப வர நேரமாகிறது, குடிக்கிறார் என்று வேலையைவிட்டுத் தூக்கினார்கள். தூக்கும் முன்னால் என் பக்கத்தைக் கேட்டீர்களா என்று வழக்குப் போட்டார். 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்றது. அன்றிலிருந்து நிரந்தர அரசு ஊழியர் யாருக்கும் பெரிய தண்டனை கொடுக்கும் முன், காகிதங்களை அவர் கையில் கொடுத்து, விசாரணையில் சம்பந்தப்படாத ஒருவர் முன்னால் பேசவிடவேண்டும். ஒரு டாக்டரின் நீண்ட மதியச் சாப்பாடு ஐம்பது வருஷமாக இத்தனை பேரைக் காப்பாற்றுகிறது!

இன்று வந்திருப்பது அந்த 144 மணி டெபுடியின் ஜெயில் விவகாரம், எங்களவர் ரோந்துக் கமாண்டர். அதனால்தான் இவரிடம் வந்தது. என் வேலை தண்ணீர் பாட்டில் வைப்பது, நாற்காலி போடுவது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. டெபுடியோடு சங்கத்து வக்கீல் வந்தார். கமாண்டர் வந்து பார்த்துவிட்டு, தன் நாற்காலியை மேசையின் பக்கவாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். எதிரெதிராக உட்கார அவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது.

டெபுடிக்கு முப்பதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சவரக் கத்தி கீறிய இடத்தில் ஒரு சின்ன டிஷ்யூத் துண்டு. எடுக்க மறந்துவிட்டார். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கதவு சாத்திவிட்டார்கள்.

ஐம்பது நிமிஷம். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அந்த டிஷ்யூ இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோடைக்காக இங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். இரவு ஷிப்ட் 11 மணி நேரம்தான். வருஷத்தில் இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தாளில் பெயர் எழுதும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

மார்ச் 20, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. 120 மணி நேர சஸ்பென்ஷன் என்று முதலில் போட்டிருந்தார்கள். கமாண்டரின் சிபாரிசுக்குப் பிறகு 60. போகாத சுற்றை எழுதியது பொய், அதற்குத் தண்டனை உண்டு. ஆளை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் துறைக்கும் பங்கு உண்டு. அந்தச் சிபாரிசுத் தாள் இப்படித்தான் சொல்கிறது என்று கேள்வி. என்னுடைய 144 அதில் இணைப்பாகப் போயிருக்கிறது.

60 மணி என்றால் ஐந்து ஷிப்ட். ஐந்து ஷிப்ட் என்றால் ஜெயில் தாளில் ஐந்து ஓட்டை. ஜெயிலில் ஆள் போதாமல் ரோந்திலிருந்து எடுக்கவேண்டிய நிலைமை, ஆகவே இந்த ஐந்தும் கமாண்டரிடம் வந்தது. மூன்றுக்கு விருப்பப்பட்டு வந்துவிட்டார்கள். மிச்சம் இரண்டு.

"ஓவர்டைம் தாளில் ஒரு நெடுவரிசை சேர்" என்றார். பெயருக்குப் பக்கத்தில், கடந்த 14 நாளில் எத்தனை மணி நேரம். சேர்த்தேன். கட்டாயப் பட்டியலின் முதல் பெயருக்கு நேரே 132. அல்டடீனாவுக்குப் போய் வந்த பன்னிரண்டு பேரில் ஒருவர். கமாண்டர் பேனாவால் கோடு போட்டார். இரண்டாவது 120, அதற்கும் கோடு. மூன்றாவது 96. "இவர்" என்றார். 25-ஆம் தேதி நிறைந்தது.

29-ஆம் தேதி இரவுக்கு அப்படி யாரும் இல்லை. பட்டியலை அடி வரைக்கும் பார்த்தோம். நூறுக்குக் கீழே ஒருவர் இருந்தார், அவர் மனைவிக்கு அந்த வாரம் பிரசவம். கமாண்டர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். வழக்கமாக இனிஷியல் வைக்கும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஜெயில் கமாண்டருக்கு போன் போட்டார். அவர் மீட்டிங்கில் இருந்தார்.

ஐந்து மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.