ஓமான் போகிறீர்களா? முதலில் காருக்குக் காசு எடுத்து வையுங்கள்

ஓமான் மலிவான நாடு என்று யாராவது சொன்னால் அவரிடம் எப்போது போய் வந்தார் என்று கேளுங்கள். அநேகமாகப் போயே இருக்க மாட்டார். நான் இப்போதுதான் வந்திறங்கியிருக்கிறேன், பையிலிருந்து மணல்கூட இன்னும் முழுசாகப் போகவில்லை. ஊர் அருமையான ஊர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காசு கரைகிற வேகம் இருக்கிறதே!

ஒரு ரியால் என்பது 2.6 டாலர். 1986-லிருந்து டாலரோடு கட்டிப் போட்ட மதிப்பு அது. நம் ரூபாய் இறங்க இறங்க அடி நமக்குத்தான். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. ரோட்டோரக் கடையில் கரக் சாயா (கெட்டியான பால் டீ) நூறு பைசா, நம் கணக்கில் இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அது நியாயம்தான். ஆனால் "அஞ்சுதான் சார், பத்துதான் சார்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பத்து என்றால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல்.

இந்தப் 'பத்துதான்' பாடத்தை விமான நிலைய வாசலிலேயே ஒரு டாக்சிக்காரர் நடத்தினார். மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான மத்ரா வரை போகவேண்டும். பதினெட்டில் ஆரம்பித்தார். மீட்டர் போடுங்கள் என்றால் "வேலை செய்யவில்லை" என்று அதைத் தட்டிக் காட்டினார். பேசிப் பேசிப் பன்னிரண்டுக்கு வந்தது. இறங்கும்போது இரண்டு பெட்டிக்குத் தனியாக இரண்டு ரியால் வேண்டுமாம். வழியெல்லாம் இந்தியாவைப் பற்றி அவ்வளவு பிரியமாகப் பேசிய மனிதர்! மறுநாள் செயலியில் அதே தூரத்தைப் போட்டுப் பார்த்தேன், வயிறு எரிந்தது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குச் சிவப்புப் பேருந்து இருக்கிறது. பெட்டி கனமில்லை என்றால் அதில் ஏறுங்கள். இல்லையென்றால் டாக்சி செயலியை இங்கிருந்தே போனில் இறக்கிக்கொண்டு போங்கள்.

சரி, வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விசாவை இணையத்திலேயே எடுக்கலாம், ராயல் ஓமான் போலீஸ் தளத்தில். அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் மாதிரி விசா ஏதாவது கையில் இருந்தால் இந்தியர்களை 14 நாள் வரை விசா இல்லாமலே உள்ளே விடுகிறார்கள். விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போக வேண்டியது அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும். நம்மூர் கத்திரி வெயில் பழக்கம் என்று மார்தட்டுவதெல்லாம் அங்கே செல்லாது.

அப்புறம் கார். மஸ்கட்டுக்கு வெளியே கார் இல்லாமல் ஓமானைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஊர்விட்டு ஊர் போகும் பேருந்து உண்டு, ஆனால் அது நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். நாம் பார்க்க வந்த வாதியும் (மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு) கோட்டையும் அங்கிருந்து உள்ளே கிடக்கும். அறையில் மிச்சம் பிடியுங்கள், சாப்பாட்டில் மிச்சம் பிடியுங்கள், காரில் மட்டும் வேண்டாம். பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்கும் குறைவு. நூறு ரூபாய் கொடுத்துப் பழகிய கைக்கு டேங்க் நிரப்பும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, இந்தப் பயணத்தில் பட்ஜெட் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே இடம் அதுதான். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் கேட்டார்கள், ஆர்டிஓ அலுவலகத்தில் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வண்டி ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். நெடுஞ்சாலையில் வரம்பு 120, கேமராக்கள் நிறைய.

கடற்கரை வழியாகத் துறைமுக ஊரான சூர் போகும் சாலையில், அடியில் தண்ணீர் நிற்கும் பிம்மா பள்ளத்தைப் பார்க்கலாம், அரை மணி நேரம் போதும். நேரத்தை வாதி ஷாபுக்கு மிச்சம் வையுங்கள். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் ஒரு குட்டிப் படகு, போக வர ஒரு ரியால். ஏறி உட்காருவதற்குள் அக்கரை வந்துவிடும். ஒரு ரியாலா என்று முனகிக்கொண்டேதான் ஏறினேன். அங்கிருந்து முக்கால் மணி நேரம் பாறையும் கூழாங்கல்லுமாக நடை. இருபுறமும் செங்குத்தான மலை, நடுவில் பேரீச்சை, வாழை, பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். நடை முடிகிற இடத்தில் நீச்சல் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு குட்டையாக நீந்திப் போனால் கடைசியில் பாறையில் ஓர் இடுக்கு. தண்ணீருக்கு மேலே தலை மட்டும் நுழையும் அகலம். முகவாயை நீரில் வைத்துக்கொண்டு, காதுகள் இரண்டும் பாறையில் உரச உள்ளே போனால், குகை. மேலிருந்து வெளிச்சம், எதிரே அருவி, கத்தினால் திரும்பி வருகிற சத்தம். அந்த ஒரு ரியாலை நான் மன்னித்துவிட்டேன். நீச்சல் தெரியாதவர்கள் உள்ளே போகாதீர்கள், அங்கே காவலுக்கு யாரும் நிற்பதில்லை. மழை அறிவிப்பு இருந்தால் வாதிப் பக்கமே தலைவைக்கக் கூடாது, வெள்ளம் சொல்லிக்கொள்ளாமல் வரும்.

சூரில் இன்றும் மரக்கலம் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கலங்களுக்கான தேக்கு மலபாரிலிருந்துதான் போனது. பட்டறையை விட எனக்கு நினைவில் நிற்பது அன்று ராத்திரி சாப்பிட்ட மிஷ்காக்தான். தெருவோரம் கரி அடுப்பு, குச்சியில் கோத்த இறைச்சி, விசிறிக்கொண்டே ஒரு பையன். ஓரத்தில் கருகி, நடுவில் சாறு இறங்கும் பதம். தொட்டுக்கொள்ளப் புளியும் மிளகாயும் கரைத்த ஒரு சாறு. புளி! அரபு நாட்டில், தெரு முனையில், நம் நாக்குக்குத் தெரிந்த புளி! கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்காத குறை. இன்னொரு தட்டு, இன்னொரு தட்டு என்று போய்க்கொண்டே இருந்தது, அப்படியும் டாக்சிக்காரர் பெட்டிக்கு வாங்கிய காசு அளவுக்குக்கூட வரவில்லை. மற்ற நாட்களில் மலையாளிக் கடை பரோட்டாதான் காப்பாற்றியது. ஓமானில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு சேட்டன் கல்லைச் சூடாக்கி வைத்திருக்கிறார்.

பாலைவனத்தைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. வஹீபா மணல்வெளியில் ஒரு ராத்திரி போதும். பிதியா என்ற ஊரில் தார்ச்சாலை முடிந்ததும் முகாம்காரர்கள் வந்து கூட்டிப்போக வேண்டும், சாதாரண காரில் மணலில் போக முடியாது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குத் தனிக் கட்டணம். மணல்மேட்டில் ஜீப் விளையாட்டுக்கு இன்னொரு கட்டணம். ஒட்டகத்துக்கு இன்னொன்று. முன்பதிவு செய்யும்போதே 'எதெல்லாம் சேர்த்தி' என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஆனால் விடியற்காலையில் யாரையும் கேட்காமல், பத்துப் பைசா கொடுக்காமல், வெறுங்காலோடு மேட்டில் ஏறி உட்காரலாம். மணல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. குளிர்காலத்தில் ஸ்வெட்டர் கட்டாயம்.

பழைய கோட்டை நகரமான நிஸ்வாவுக்கு வியாழன் இரவே போய்விடுங்கள். அன்றைக்கு அறை வாடகை ஏறும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் காலை ஆட்டுச் சந்தை இருக்கிறது. வட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருக்க, விற்பவர்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு விலையைக் கத்தியபடி சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பிடித்துப்போனால் கையை நீட்டி நிறுத்திவிடலாம். வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் ஆட்டின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார், முதுகெலும்பை விரலால் தடவினார், போ என்று கையசைத்துவிட்டார். அடுத்த சுற்றில் அதே ஆட்டுக்கு விலை குறைந்திருந்தது. டாக்சிக்கு அவரைத்தான் பேச விட்டிருக்க வேண்டும்.

கோட்டைக்கு வெளிநாட்டவருக்கு ஐந்து ரியால். யோசித்து யோசித்துத்தான் கொடுத்தேன். 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய பிரமாண்டமான வட்டக் கோபுரம். ஆனால் என்னை நிறுத்தியது பேரீச்சம்பழக் கிடங்கு. தரையில் வரிவரியாக வாய்க்கால். மூட்டைகளை அடுக்கி வைத்தால் அந்தக் கனத்திலேயே பாகு கசிந்து வாய்க்கால் வழியாகச் சட்டியில் சேரும். முற்றுகை வந்தால் அதையே கொதிக்கவைத்து, வாசலுக்கு மேலே உள்ள ஓட்டை வழியாக எதிரியின் தலையில் ஊற்றுவார்களாம்.

மஸ்கட் பெரிய மசூதிக்குக் கட்டணம் இல்லை. மற்ற மதத்தவருக்குக் காலை எட்டு முதல் பதினொன்று வரை, வெள்ளி கிடையாது. பெண்களுக்குத் தலைத்துணி, கைகால் மூடிய உடை வேண்டும். வாசலில் வாடகைக்கும் கிடைக்கும், எதற்கு அந்தச் செலவு, ஒரு துப்பட்டாவைப் பையில் போடுங்கள்.

ஓமானின் தெற்கே இருக்கும் சலாலா நகரத்தை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர். அதன் பருவமும் வேறு, ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலும் பச்சையுமாக இருக்கும். அப்போது வளைகுடாவே அங்கே திரண்டு நிற்கும்.

கடைசியாக, கார் எடுக்கும்போது கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். அதற்கு மேலே செலவுக்கு இடம் இருக்கும்படி இன்னொரு கார்டும் கொண்டு போங்கள். வண்டியைச் சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கதவில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு என்னிடம் கணக்குக் கேட்டார்கள், வீடியோவைக் காட்டியதும் பேச்சில்லை. முடக்கிய தொகை மட்டும் இன்னும் விடுபடவில்லை. வங்கிக்கு இன்று காலைதான் இன்னொரு மெயில் தட்டியிருக்கிறேன்.