மூன்றாம் மணி நேரத்துக்குப் பழகுங்கள்: கூடைப்பந்தும் செமஸ்டரும்

எட்டாம் செமஸ்டர் முடிவு போன வாரம் வந்தது. சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்ந்த சராசரி) பத்துக்கு 8.61. நான்கு ஆண்டில் ஒரு அரியர்கூட (தேறாமல் மறுபடி எழுத வேண்டிய தாள்) இல்லை. இரண்டு நாள் கழித்து, இந்த ஆண்டின் சிறந்த மாணவி விருது எனக்கு என்று கல்லூரியில் அறிவித்தார்கள். படிப்பு, விளையாட்டு, சமூகப் பணி மூன்றையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கிற விருது அது. அம்மாவுக்குப் போனில் சொன்னபோது எனக்குக் குரலே வரவில்லை. அன்றிலிருந்து அணியின் தங்கைகள், "அக்கா, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நான்கு ஆண்டு கல்லூரி அணி, இரண்டு ஆண்டு பல்கலைக்கழக அணி. காலையும் மாலையும் பயிற்சி. அதை நீங்களும் செய்கிறீர்கள். இந்த விருது என் கையைவிட்டுப் போகவிருந்தது மதிப்பெண்ணில்தான்.

மூன்றாம் செமஸ்டர். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி முடிந்து இரவு ரயிலில் வந்து இறங்கினோம். மறுநாள் கணிதத் தேர்வு, மூன்று மணி நேரம். பாடம் தெரியாமல் இல்லை. ஃபூரியர் தொடர் எனக்குப் பிடித்த பகுதி. முதல் இரண்டு மணி நேரம் நன்றாகவே போனது. அதற்குப் பிறகு கை ஓய்ந்துவிட்டது. 13 மதிப்பெண் கேள்வி இரண்டும் 15 மதிப்பெண் கேள்வியும் மீதம் இருந்தன. தொகையிடும்போது குறி மாறியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் மாறியது. கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டு எழுந்து வந்தேன். கிடைத்த கிரேடு 'சி'. நான்கைந்து மதிப்பெண் குறைந்திருந்தால் அரியர். எங்கள் விருதுக்கு அரியர் வைத்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது.

அந்த விடுமுறை முழுக்கப் படிப்பு போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் புரிந்தது கோர்ட்டில். எங்கள் பயிற்சியாளர் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் வீச்சு) போடச் சொல்வதற்கு முன் எப்போதும் எங்களை ஓடவிடுவார். கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பத்து முறை. உடனே கோட்டில் நின்று இரண்டு வீச்சு. ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ முக்கியமாவது நான்காவது கால்பகுதியில்தான். எதிரணி அந்தக் கால்பகுதியின் ஐந்தாவது ஃபவுலைத் தொட்டிருக்கும், நமக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், நடுவர் பந்தைக் கையில் கொடுத்ததும் ஐந்து விநாடிதான். நிழலில் நின்று நிதானமாகப் போட்டுப் பழகியவளுக்கு அந்த நேரத்தில் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். கால் தளர்ந்திருப்பது அவளுக்கே தெரியாது.

அன்று அவர் ஓடச் சொன்னபோது தேர்வு மண்டபம் நினைவுக்கு வந்தது. நான் படித்ததெல்லாம் குளித்து, சாப்பிட்டு, தெளிவாக உட்கார்ந்த நேரங்களில். எழுத வேண்டியிருந்ததோ களைத்த கையால்.

நான்காம் செமஸ்டரிலிருந்து ஒன்றை மாற்றினேன். மாலைப் பயிற்சி முடிந்ததும் விடுதிக்குப் போகமாட்டேன். வியர்வை காய்வதற்குள் கோர்ட் ஓரத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு 13 மதிப்பெண் விடையை எழுதுவேன். புத்தகம் மூடியிருக்க வேண்டும், 22 நிமிடம், படமும் அட்டவணையும் உட்பட முழு விடை. முதல் இரண்டு வாரம் என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் குறிகள் மாறுவது நின்றது. ஐந்தாம் செமஸ்டரில் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் (கட்டமைப்புப் பகுப்பாய்வு) தாளின் கடைசி அரை மணி நேரத்தில் மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் என்ற நீண்ட கணக்கை ஒரு அடித்தல் இல்லாமல் முடித்தேன். ஏ பிளஸ் வந்தது.

இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்து பாருங்கள். எத்தனை முறை படித்தீர்கள் என்பதைவிட, களைத்த பிறகு எத்தனை விடை எழுதினீர்கள் என்பதே என் கணக்கு. கூடிப் படிப்பது எனக்கு ஒருபோதும் உதவியதில்லை. இரவு பத்தரைக்கு மேல் படித்ததும் இல்லை. காலைப் பயிற்சி இருப்பவர்களுக்கு அது ஆகாது.

மற்றவை:

- ஓ.டி. (ஆன் டியூட்டி: போட்டிக்குப் போகும் நாளையும் வருகையாகக் கணக்கிடக் கேட்பது) கடிதத்தைப் போட்டிக்கு முன்பே கொடுத்து, கையெழுத்தான நகலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் மண்டலப் போட்டி முடிந்த பிறகு கொடுத்தேன். ஓர் இன்டர்னல் தேர்வில் (கல்லூரியே நடத்துவது) பூஜ்யம் போட்டுவிட்டார்கள். மறுதேர்வு கேட்டு மூன்று நாள் அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தாமதம் என்னுடையதுதான் என்பதும் உண்மை.
- இன்டர்னல் 40 மதிப்பெண்ணைப் போட்டிகள் இல்லாத மாதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.
- 75 சதவீத வருகைக்கு ஓ.டி.யை நம்பி மற்ற நாட்களில் வகுப்பைத் தவிர்க்காதீர்கள். காய்ச்சல் சொல்லிக்கொண்டு வராது.
- போட்டிக்குப் போகும் பையில் ஒரு பாடம் போதும். நான்கு எடுத்துப் போனபோது ஒன்றையும் திறக்கவில்லை.
- இரண்டு மதிப்பெண் கேள்விகளைப் பஸ்ஸில் படிக்கலாம். கணக்கைப் பஸ்ஸில் படிக்காதீர்கள்.

பயிற்சியாளர் ஒருமுறை பில் பிராட்லியைப் பற்றிச் சொன்னார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்டக்காரர். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கம். 1965இல் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தனியாளாக 58 புள்ளிகள். இறுதியாண்டு ஆய்வேட்டை பின்னாளில் அமெரிக்க அதிபரான ட்ரூமனின் 1940ஆம் ஆண்டு செனட் தேர்தலைப் பற்றி எழுதினார். பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். அந்த உதவித்தொகையும் படிப்போடு நிற்காமல், விளையாட்டு போன்றவற்றில் காட்டும் ஊக்கத்தையும் எளியவர் மீதான அக்கறையையும் பார்க்கிறது. நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் இரண்டு பட்டம் வென்று, பின்னாளில் அவரே செனட்டராகவும் ஆனார். அவரது படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று ஆண்டு வைத்திருந்தேன். பக்கத்தில் நம் சென்னை அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணித் தலைவி, 2021இல் பத்மஸ்ரீ.

இனி சமூகப் பணி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 240 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம், ரத்ததான முகாம் என்று என் கோப்பில் 17 சான்றிதழ்கள் இருந்தன. விருதுக்கான நேர்காணலில் இருந்த மூவரும் அவற்றைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்கள். கேட்டதெல்லாம், சான்றிதழே இல்லாத ஒன்றைப் பற்றி. சனிக்கிழமை காலைகளில் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பெண்களுக்கு இரண்டு ஆண்டாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தேன். எத்தனை பேர், என்ன பெயர், யார் பாதியில் நின்றாள், ஏன் நின்றாள், நின்றவளின் வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். போயிருந்தேன். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போடுவான். இதைச் சொல்லும்போது நான் விருதை மறந்தே போயிருந்தேன்.

கடைசியாக, "நீங்கள் போன பிறகு யார் எடுப்பார்கள்?" என்றார்கள். இரண்டாம் ஆண்டுத் தங்கைகள் இருவரின் பெயரைச் சொன்னேன். அவர்கள் ஜனவரியிலிருந்தே என்னோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த இருவருக்கும்: பள்ளி திறந்ததும் முதல் சனிக்கிழமை, காலை 7 மணி. வடக்குப் பக்க வளையத்தின் வலை கிழிந்திருக்கிறது. புதிய வலை வாங்கிப் பயிற்சியாளர் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு ஏணி வேண்டும். காவலாளி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.