வால்டன் ஏரியும் மெரினா ஐஸ் ஹவுசும்

பாஸ்டனில் நடைபாதையில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்தால், அமெரிக்கப் புரட்சி நடந்த இடங்கள் ஒவ்வொன்றாக வந்துவிடும். யாரிடமும் வழி கேட்க வேண்டாம். நானும் நடந்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நியூ இங்கிலாந்து (பாஸ்டனைச் சுற்றியுள்ள அமெரிக்க வடகிழக்கு மாநிலங்கள்) பக்கம் என்னை இழுத்தது ஐஸ்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842இல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. கட்டியவர் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளைக் குதிரை பூட்டிய கலப்பையால் கீறி, பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். 1833இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் சரக்கு 180 டன். நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் மிஞ்சியது. காப்பாற்றியது மரத்தூள்! மர அறுவை மில்களில் சீண்டுவாரில்லாமல் கிடந்த சமாச்சாரம்.

பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயிலேறினால் கான்கார்ட். அங்கிருந்து வால்டன் ஏரிக்கு நடந்தே போய்விடலாம். அக்டோபர் மாதம்; மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன. வழியில் காட்டுக்குள் இடுப்பளவு கல் சுவர்கள். நடுக்காட்டில் யார் சுவர் எழுப்பினார்கள் என்று தோன்றும். அதெல்லாம் ஒரு காலத்தில் வயல். பனிப்பாறைகள் விட்டுப்போன கற்களைப் பொறுக்கி விவசாயிகள் வரப்பாக அடுக்கினார்கள்; பிறகு நல்ல மண் தேடி மேற்கே கிளம்பிவிட, காடு திரும்ப ஏறிக்கொண்டது.

ஏரி முப்பது மீட்டருக்கும் மேல் ஆழம், கரையோரம் கூழாங்கல் எண்ணலாம் போலத் தெளிவு. அந்தக் குளிரிலும் இரண்டு பெரியவர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். நான் விரல் நுனியை நனைத்ததோடு சரி. 1845இல் ‘வால்டன்’ நூலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ குடிசை போட்ட இடத்தைக் கருங்கல் தூண்கள் காட்டுகின்றன. பக்கத்தில் வந்தவர்கள் போட்டுப்போன கற்குவியல். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் இங்கே ஐஸ் வெட்டியதை தோரோ பார்த்து எழுதியிருக்கிறார். மெட்ராஸ்காரர்கள் தன் கிணற்றில் (ஏரியைத்தான் அப்படிச் சொல்கிறார்) தண்ணீர் குடிப்பதாகப் பெருமை வேறு. வேடிக்கை என்னவென்றால், பத்தாயிரம் டன் என்று மதிப்பிட்ட அந்தக் குவியலில் ஒரு பகுதிதான் வெளியே போனது. முதலில் வைக்கோலும் பலகையும் போர்த்தியிருந்தார்கள்; ஜூலையில் அதைப் பிரித்த பிறகு மிச்சம் வெயிலில் கரையிலேயே கிடந்து, முழுக்கக் கரைய 1848 செப்டம்பர் ஆனதாம். தோரோவின் கிணற்றுநீர் மெட்ராஸ் டம்ளர்களில் எவ்வளவு விழுந்திருக்குமோ!

மறுநாள் சேலம். நம்ம ஊர் சேலம் இல்லை, பாஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சேலம். 1692 சூனியக்காரி வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்ட ஊர். அக்டோபரில் தெருவெல்லாம் கூம்புத் தொப்பியும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுமாக ஒரே திருவிழா. எனக்கு ஒட்டவில்லை. செத்தவர்கள் பெயர் பொறித்த கல் பலகைகள் உள்ள நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டேன். அதன் வேர், 1799இல் கப்பல் தலைவர்கள் தொடங்கிய சங்கம். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையோ தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையையோ சுற்றி வந்தவர்களுக்குத்தான் அதில் இடம். ஆசியாவிலிருந்து அவர்கள் அள்ளி வந்தவற்றைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். அக்டோபரில் போவதாக இருந்தால் கார் வேண்டாம், பார்க்கிங் கிடைக்காது. சேலத்துக்கும் அதே நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயில் இருக்கிறது.