ஆகஸ்ட் 20 கருத்துக்கேட்பு: நாட்குறிப்பு

ஜூலை 8

இரண்டு நாளிதழ்களிலும் அறிவிப்பு வந்துவிட்டது. துறைமுகத் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஆகஸ்ட் 20, காலை 11 மணி. 2006 செப்டம்பர் 14-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். இரண்டும் சரியாகவே நடந்திருக்கின்றன. நாள் கணக்கை வைத்து வழக்குப் போட இடமில்லை என்பது இப்போதே தெரிந்துவிட்டது நல்லது. விளம்பரம் வந்த பக்கங்களை முழுசாக எடுத்து வைக்க வேண்டும். தேதி இல்லாமல் கத்தரித்த துண்டு பின்னால் எதற்கும் உதவாது.

தெற்கே கடலையொட்டி எழும் அடுக்குமாடிக்கு ஏன் இப்படிக் கூட்டம் நடக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அறிவிக்கையின் 8-ஆம் இனத்தில் வரும் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு உண்டு. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஊராரைக் கேட்க வேண்டியதில்லை. அதை எதிர்ப்பவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை வைத்துத்தான் போராட வேண்டும்.

ஜூலை 9

தகவல் உரிமை மனுக்கள் இன்றே போயாக வேண்டும். பதிலுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். இந்த மாதக் கடைசியில் போட்டால் கூட்டம் முடிந்த பிறகுதான் பதில் வரும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "திட்டம் தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆவணத்தின் பெயர், கடித எண், தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "ஏன் அனுமதித்தீர்கள்?" என்ற கேள்வியும் வீண், இந்தச் சட்டம் கோப்பில் இருப்பதைத் தரும், கோப்பில் இல்லாத விளக்கத்தைத் தராது. ஆய்வு வரையறைக் கடிதத்துக்கு, அதாவது தாக்க மதிப்பீட்டில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று அமைச்சகம் நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்துக்கு, மனுவே தேவையில்லை. சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கிறது.

ஜூலை 12

துறைமுகத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் பிரதி ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். போய்க் கேட்டால் ஓரிடத்தில் தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் நீட்டுவார்கள், இன்னோரிடத்தில் "பிரிவு எழுத்தர் லீவு" என்பார்கள். சண்டை போட வேண்டாம். என்று, எத்தனை மணிக்கு, எந்த அலுவலகத்தில் பிரதி கிடைக்கவில்லை என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தால் போதும். அந்த முத்திரைதான் நாளைக்குச் சாட்சி.

ஜூலை 17

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிப்பது நேர விரயம். முதலில் ஆய்வு வரையறைக் கடிதத்தை எடுத்து, அதில் அமைச்சகம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எதிரே குறித்துக்கொள்ள வேண்டும். எதிரே வெற்றிடமாக நிற்கும் வரிகள்தான் நம் சரக்கு.

அடுத்து, அடிப்படைத் தரவு எடுத்த மாதங்கள். பெரும்பாலான அறிக்கைகள் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், மூன்று மாத அளவீட்டோடு முடித்துக்கொள்ளும். நம் அறிக்கை மார்ச் முதல் மே வரை. கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகர்கிறது. வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆக, கடலுக்குள் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுக அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு நகரின் கடற்கரை கரைந்துபோனது இப்படித்தான். மூன்று கோடை மாத அளவீட்டை வைத்து ஆண்டு முழுவதற்குமான மணல் கணக்கு எப்படிப் போட்டார்கள், வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை கணித்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது. ஆமையும் அப்படியே. பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து முட்டையிட ஏறும். மார்ச்சில் கணக்கெடுக்கத் தொடங்கினால் பருவத்தில் பாதி போயிருக்கும்.

மூன்றாவது, தூர்வாரும் மண். அறிக்கையில் அது கன மீட்டரில் இருக்கும், யாருக்கும் உறைக்காது. பத்து லட்சம் கன மீட்டர் என்றால் ஒரு மீட்டர் உயரத்துக்கு 100 ஹெக்டேர், அதாவது சுமார் 250 ஏக்கர். இப்படிச் சொன்னால் கூட்டத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். கொட்டும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். "உரிய இடத்தில் அகற்றப்படும்" என்பது பதிலாகாது.

வேறு மாவட்டத்தின் பெயர், இங்கே ஓடாத ஆறு, இந்தக் கரையில் இல்லாத மரம் என்று நகலெடுத்த தடயங்களும் கிடைக்கும். சிரிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதை மட்டுமே பிடித்துத் தொங்கினால் "தட்டச்சுப் பிழை, இறுதி அறிக்கையில் திருத்தப்படும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஜூலை 24

வரைபடங்கள். கடலோர அனுமதிக்கு 1:4,000 அளவில், உயர் அலைக் கோடும் தாழ் அலைக் கோடும் குறித்த வரைபடம் வேண்டும். அதைத் தயாரிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் சிலவே. மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மை வரைபடமோ 1:25,000. வித்தியாசத்தை அடிக்கோல் வைத்தே காட்டலாம். 1:4,000-இல் ஒரு சென்டிமீட்டர் தரையில் 40 மீட்டர். 1:25,000-இல் 250 மீட்டர். 30 மீட்டர் அகலமுள்ள படகு நிறுத்தும் மணல்திட்டு முதல் படத்தில் முக்கால் சென்டிமீட்டர் இருக்கும், இரண்டாவதில் பென்சில் கோட்டின் தடிமன்தான். கருவாடு காயும் களம், வலை உலர்த்தும் இடம், கரைவலை இழுக்கும் பாடு எல்லாம் படத்தில் "காலி மணல்" ஆவது இங்கேதான்.

மாற்றுப் படம் நாமே போடலாம். கைபேசியில் இடக்குறியீடு எடுக்கும்போது புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் நுணுக்கம், ஐந்து என்றால் சுமார் ஒரு மீட்டர். கைபேசி அத்தனை துல்லியமாகக் காட்டாது. ஒவ்வோர் இடத்திலும் சற்று நின்று இரண்டு மூன்று முறை எடுத்து ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் புல எண், புலப்படம், அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) என்ன வகை என்பதைச் சேர்க்க வேண்டும். புறம்போக்கு என்று இருந்தாலும் கவலையில்லை. கேள்வி பட்டா யார் பெயரில் என்பதல்ல, யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது.

ஒரு எச்சரிக்கை. "கரையிலிருந்து 50 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது" என்ற வாதத்தைத் துறைமுகத்துக்கு எதிராக வைக்க வேண்டாம். 2019 ஜனவரி 18-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் 50 மீட்டர் என்பது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைக்கு. மற்ற ஊர்ப்புறக் கரைக்கு 200 மீட்டர். ஆனால் கடல்முகம் இல்லாமல் நடக்காத பணிகளை, துறைமுகம் உட்பட, அதே அறிவிக்கை அனுமதிக்கிறது. நம் பிடி வேறு இடத்தில்: முகத்துவாரத்து அலையாத்தி மரங்கள், மணல்மேடுகள், ஆமை முட்டையிடும் கரை. இவை அந்த அறிவிக்கையில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகை மண்டலத்தின் அ பிரிவில் வருபவை. படத்தில் அவை விடுபட்டிருந்தால் அதுதான் முதல் ஆட்சேபம்.

ஆகஸ்ட் 5

எழுத்து மனுக்கள். ஒரே வாசகத்தில் ஆயிரம் கையெழுத்து போனால் அது ஒரே ஆட்சேபமாகச் சுருங்கும். துறைமுகம் கட்டும் நிறுவனம் அதற்கு ஒரு பதில் எழுதும், ஆயிரமும் முடிந்தது. ஆளுக்கொரு விஷயம் எழுதுவதே மேல். ஒவ்வொன்றிலும் அறிக்கையின் பக்க எண், அங்கே சொல்லியிருப்பது, களத்தில் இருப்பது, அதற்கு ஆதாரம், கடைசியில் ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் ஓர் எண்ணாகவோ ஆம், இல்லை என்றோதான் வர முடியும் என்கிற மாதிரி எழுத வேண்டும். "மீனவர் வாழ்வாதாரம் என்னாகும்?" என்று கேட்டால் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வரும். "பக்கம் இத்தனையில் படகுகள் இத்தனை என்கிறீர்கள். கணக்கெடுத்த தேதி எது, எந்த இறங்குதளத்தில், கரைவலைப் படகுகள் சேர்ந்தனவா?" என்றால் நழுவுவது கடினம். எழுப்பிய ஆட்சேபங்களுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழிலேயே எழுதலாம். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல். தபாலில் என்றால் ஒப்புகை.

ஆகஸ்ட் 15

கிராம சபை. பேரூராட்சிப் பகுதிக்கு இது கிடையாது, சுற்றியுள்ள ஊராட்சிகளில்தான். கோரம் முக்கியம்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவில் கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது. பதிவேட்டில் வெற்றிடம் விட்டு "அப்புறம் எழுதிக்கிறோம் தம்பி" என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீர்மானத்தால் மட்டும் திட்டம் நின்றுவிடாது. 2006 அறிவிக்கை கிராம சபைக்குத் தடுக்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. புல எண்ணும் பயன்பாடும் எழுதிய தீர்மானம் உள்ளாட்சியின் ஆவணமாகிவிடும். "ஆட்சேபம் ஏதும் இல்லை" என்று யாரும் பின்னால் எழுத முடியாது. அதற்காகவே இத்தனை மெனக்கெடல்.

ஆகஸ்ட் 18

பந்தலை மறிக்கலாம், நாற்காலியைத் தூக்கி எறியலாம் என்ற பேச்சு ஓடுகிறது. கோபம் நியாயமானது, யோசனை ஆபத்தானது. உள்ளூர் நிலைமையால் மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும்படி கூட்டம் நடத்த முடியவில்லை என்று அறிக்கை போனால், கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று அனுமதி அதிகார அமைப்பு முடிவெடுக்கலாம். அறிவிக்கையின் 7-ஆம் பத்தியில் இதற்கு இடமிருக்கிறது. கூட்டத்தைக் கலைத்தால் லாபம் நமக்கல்ல. புறக்கணிப்பும் உதவாது; கோரம் என்று எதுவும் இல்லாததால் பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு.

ஆகஸ்ட் 20

மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை. பேருந்துகளில் வந்திறங்கியவர்கள் முன்வரிசையை நிரப்புவது எல்லா ஊரிலும் நடப்பது. பேசுகிறவர்கள் சீக்கிரமே போய்ப் பெயர் கொடுத்துவிட வேண்டும். மைக்கைப் பிடித்ததும் பெயர், ஊர், தொழில், பக்க எண், கேள்வி. மீன் விற்கும் பெண்கள் முதலில் பேசட்டும்: எந்த இறங்குதளத்தில் மீன் எடுக்கிறார்கள், எந்தச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள், பாதை மறிக்கப்பட்டால் சுற்று எவ்வளவு. அறிக்கையில் இவர்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பசி நேரம், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். குறிப்பு திருத்தப்படுவது அப்போதுதான். அதுவரை நாலைந்து பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். வாசிக்காமல் எழுந்தால் அதையே எழுதி, அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஆகஸ்ட் 29

கூட்டம் முடிந்து எட்டு நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு அனுமதி அதிகார அமைப்புக்குப் போயிருக்க வேண்டும். நகல் வாங்கி, பேசியதையும் எழுதியதையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எதிர்ப்பெல்லாம் "சிலர் வேலைவாய்ப்பு கோரினர்" என்று உருமாறியிருந்தால், வீடியோவில் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துத் திருத்தம் கேட்டுக் கடிதம்.

செப்டம்பர் 12

இனி மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை, அதன்பின் தில்லியில் நிபுணர் மதிப்பீட்டுக் குழு. நிகழ்ச்சி நிரல் பரிவேஷில் வரும். வாரம் இருமுறை பார்க்க வேண்டும். குழு காரணம் எழுதாமல் பரிந்துரைத்தால் அது பலவீனமான உத்தரவு. கோவாவின் மோபா விமான நிலைய அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததற்கு விண்ணப்பத்தில் மறைத்த விவரங்களும் குழுவின் மேம்போக்கான பரிசீலனையும்தான் காரணம். 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம் தடையை நீக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அனுமதி வந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு. கெடு 30 நாள்; தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதைத் தாண்டினால் தாமதத்தைப் பொறுக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மனுதாரராக இங்கேயே தொழில் செய்யும் ஒருவர் வேண்டும். படகுப் பதிவுச் சான்று, மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, குடும்ப அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்த மனுவை இந்த வாரமே கொடுத்துவிட வேண்டும்.