டிசம்பர் 2022, கௌதமபுரம், பெங்களூரு

டிசம்பர் 9, வெள்ளி

கால்பந்து உலகக் கோப்பையில் பிரேசில் போயிற்று. 117-ஆவது நிமிடத்தில் குரோஷியா சமன் செய்து, பெனால்டியில் அடித்துவிட்டார்கள். அப்பா சாப்பிடவில்லை. ஊசி போட்ட இடம் வலிக்கிறதாம்.

டிசம்பர் 11, ஞாயிறு

தெருவில் பச்சை மஞ்சள் கொடிகளை யாரும் இறக்கவில்லை. பெலே சிலைக்குப் போட்ட மாலைகூட அப்படியே இருக்கிறது.

"பெலே எப்படி இருக்காரு?" காலையில் எழுந்ததும் இதைத்தான் கேட்கிறார். சாவோ பாவ்லோவில் நவம்பர் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தது, போன வருஷம் செப்டம்பரில் பெருங்குடலில் ஆபரேஷன் செய்தது, எல்லாம் செய்தியில் இருந்தது. படித்துக் காட்டினேன். கட்டி என்ற வார்த்தை வந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். அப்பா என் முகத்தையே பார்த்தார்.

டிசம்பர் 14, புதன்

அரையிறுதியில் அர்ஜென்டினா 3-0. நடுராத்திரி ஆட்டம், தெருவே விழித்திருந்தது. லேபிலிருந்து போன் வரவில்லை.

டிசம்பர் 16, வெள்ளி

நானே லேபுக்குப் போன் செய்தேன். அப்பாவின் ரிப்போர்ட் ரெடியா என்றால், "திங்கட்கிழமை வாங்க மேடம், டாக்டர் சொல்வாங்க" என்கிறாள் அந்தப் பெண். ரெடியாகவில்லை என்று சொல்லவில்லை.

டிசம்பர் 18, ஞாயிறு, இரவு மணி இரண்டு

தூக்கம் வரவில்லை. எழுதியே விடுகிறேன்.

அர்ஜென்டினா-பிரான்ஸ் பைனல் பார்க்க வரமாட்டேன் என்றுதான் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். எனக்குப் பந்தாட்டம் பிடிக்காது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா அசோக் நகர் ஸ்டேடியத்தில். அம்மாவும் நானும் வீட்டில். அந்த அப்பாதான் இன்று, "நீ போய் பார்த்துட்டு வந்து சொல்லும்மா, மாத்திரை போட்டா எனக்கு ஒன்பதுக்கே கண்ணு சொருகுது" என்று அனுப்பிவைத்தார்.

மொட்டை மாடி, நல்ல குளிர். கொடிக்கயிற்றில் ஒரு வேட்டியைக் கட்டி அதில் புரொஜெக்டர். 36-ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் டி மரியா அடித்த பந்து வேட்டிக் கரைக்குள் போய் மறைந்தது. 2-0. அவ்வளவுதான், முடிஞ்சது என்றார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முடிந்தால் வீட்டுக்குப் போகணும், படுக்கணும், விடிந்தால் திங்கள். பிரான்ஸ் ஒரு கோலாவது போடட்டும், கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். 80-இல் எம்பாப்பே பெனால்டி. 81-இல் இன்னொன்று, பந்து தரையில் படாமலே. தோழிகள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் கை தட்டினேன்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். எங்களுக்குப் படம் போன் வழியாக வருகிறது, கீழ் வீட்டில் கேபிள். அவர்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் எங்கள் வேட்டியில் பந்தை உதைக்கிறார்கள். 108-இல் மெஸ்ஸி, 118-இல் மறுபடி எம்பாப்பே, இரண்டும் காதுக்குத்தான் முதலில் வந்தது. "அவங்களை வாயை மூடச் சொல்லுங்கடி" என்று இவர்களுக்குக் கோபம். எனக்கு லேப் பெண்ணின் குரலே ஓடியது. அங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, நமக்கு இன்னும் வந்து சேரவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேதான் அவள் என்னிடம் பேசியிருப்பாள்.

கூடுதல் நேரமும் முடியப் போகிற கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாகப் பந்தோடு வந்தார். கீழே ஒரே அலறல், கோலா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்தச் சில விநாடிகள் நான் மூச்சு விடவில்லை. அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டினார். பந்து பட்டுத் தெறித்தது. அழுதுவிட்டேன். மெஸ்ஸிக்காக என்று நினைத்துத் தோழி கட்டிக்கொண்டாள்.

பெனால்டியில் பிரான்ஸின் கோமான் அடித்ததைத் தடுத்தார்கள், சுவாமெனி வெளியே அடித்தார். எங்கள் வேட்டியில் அர்ஜென்டினாவின் மோன்டியேல் ஓடி வருவதற்குள் தெருவில் பட்டாசு. 4-2.

டிசம்பர் 19, திங்கள்

டாக்டர் ஊரில் இல்லையாம். புதன்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம், அப்பாவை இரண்டு மாடி ஏற்றி இறக்கினேன். ஆனாலும் திரும்பி வரும்போது ஆட்டோவில் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தோம்.

டிசம்பர் 20, செவ்வாய்

முழு ஆட்டத்தையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். 64-ஆவது நிமிடத்தில் டி மரியாவை வெளியே எடுத்தார்கள் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நல்லா ஓடுறவனை எதுக்கு எடுத்தான்? அங்கதான் கெட்டுச்சு!" எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரல். ரசம் சாதம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பெலே பற்றி இன்று கேட்கவில்லை. நானும் செய்தியைத் திறக்கவில்லை.

டிசம்பர் 21, புதன்

கவர் வாங்கியாயிற்று, ஒட்டியிருக்கிறது. உள்ளே வந்துதான் பிரிக்க வேண்டுமாம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அப்பா பைனலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், தானே பார்த்த மாதிரி. இப்போதுதான் 80-ஆவது நிமிடத்துக்கு வந்திருக்கிறார். எங்கள் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள்