மடக்கு பிச்சாத்தியும் பாதாளக்கரண்டியும்

“யார குத்தப் போறே?”

பாக்கெட்டில் கிடக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது இதுதான். பதிலுக்கு நிற்கவில்லை. மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே தொடர்ந்தாள்: “வெட்டுக்கத்தி கெடக்கு, அருவாமனை கெடக்கு, ஒனக்க அப்பா வச்சிருந்த பிச்சாத்தி கெடக்கு. இந்த வீட்டுல இல்லாத இரும்பா?”

எங்கள் பக்கத்தில் சின்னக் கத்திக்குப் பிச்சாத்தி என்றுதான் பெயர். மலையாளத்திலும் அதே பெயர்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை மலையாளப் பக்கத்திலிருந்து பிரித்து இந்தத் தமிழ்ப் பக்கம் தந்தார்கள். பிச்சாத்தியை மட்டும் யாரும் பிரிக்கவில்லை, ரெண்டு பக்கமும் அது பாட்டுக்குக் கிடக்கிறது.

எனக்குக் கத்தி வேண்டியதற்குக் காரணம் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடையில் மொத்தம் ஒரே ஒரு கட்டர் பிளேடு. அது எப்போதும், அன்றைக்கு லீவு போட்ட ஆளிடம்தான் இருக்கும். லோடு வந்து இறங்கிய ஒரு நாள் அட்டைப்பெட்டியின் பிளாஸ்டிக் பட்டையை வண்டிச் சாவியால் நெம்பினேன். பட்டை அறவில்லை. சாவி வளைந்தது. நிமிர்த்தப் பார்த்தேன், ஒடிந்தது. மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் வரை பஸ்சில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவுக்கு நான் சொன்ன நியாயம் வேறு. “தாத்தா பனையேறிதானே? இடுப்புல அருவாப்பெட்டி இல்லாம அவரு வெளிய எறங்கியிருக்காரா? அவர்ட்ட யாராவது யார குத்தப் போறீருன்னு கேட்டாவளா?”

“அவரு பனையில ஏறினாரு. நீ சேர்ல ஏறுத.”

இதற்கு மேல் என்ன பேச முடியும்?

முதல் கத்தியை நாகர்கோவிலில் பிளாட்பாரத்தில் விரித்துப் போட்டு விற்ற ஒருவரிடம் வாங்கினேன். பதின்மூன்று சாமான் ஒன்றுக்குள் ஒன்று. கத்தி, ரம்பம், ஸ்பூன், முள்கரண்டி, கார்க் திருகி, மீன் செதில் சுரண்டி, திசைகாட்டி. திசைகாட்டியை வீட்டில் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வடக்கு என் தொப்புளைத்தான் காட்டியது. போகட்டும், கருங்கல்லுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் எனக்குத் திசைகாட்டி எதற்கு?

பிரச்சினை எடையில் இருந்தது. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 260 கிராம். “கூட நாப்பது கிராம் மொளவு போட்டு முந்நூறா ஆக்கிரட்டா?” என்றார்.

பேன்ட் போடுகிறவனுக்கு 260 கிராம் பெரிதில்லை. நான் வீட்டில் சாரம் (கைலி) கட்டுகிறவன். சாரத்துக்குப் பாக்கெட் கிடையாது. இடுப்பு மடிப்பில் சொருகினால் கத்தி ஒரு பக்கம் இழுக்கும், மானம் இன்னொரு பக்கம் இழுக்கும். சட்டைப் பையில் போட்டேன். போட்டு மூன்றாம் நாள் மோட்டார் கயிற்றை இறுக்குவதற்காகக் கிணற்றுக்குள் குனிந்தேன். ‘தொபுக்’ என்று ஒரு சத்தம். தவளை குதித்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மா பக்கத்து வீட்டில் போய்ப் பாதாளக்கரண்டி வாங்கி வந்தாள். அது எங்கள் தெருவுக்கே ஒன்றுதான். மதியம் வரைக்கும் துழாவினோம். ஒரு வாளி வந்தது. கைப்பிடி இல்லாத ஒரு செம்பு வந்தது. என் அக்கா கல்யாணத்துச் சீர் வரிசையில் காணாமல் போய், அதற்காகச் சமையல்காரர் வரைக்கும் சந்தேகப்பட்ட எவர்சில்வர் தூக்குப்பாத்திரம் வந்தது. அம்மா அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கத்தி மட்டும் வரவில்லை. இன்றைக்கும் உள்ளேதான் கிடக்கிறது, திசைகாட்டியோடு.

அதன் பிறகு கத்தியைப் பற்றி ராத்திரி ராத்திரியாகப் படிக்க ஆரம்பித்தேன். அலகு எத்தனை சென்டிமீட்டர், எஃகு என்ன வகை, பூட்டு எப்படி, எடை எத்தனை கிராம். விரித்த அலகு திரும்ப மடங்கி விரலைக் கடிக்காமல் இருக்கத்தான் எத்தனை ஏற்பாடு! பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு நகர்ந்து வந்து அலகின் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்பது ஒரு வகை. பிடியின் முதுகில் அமுக்கினால் மடங்குவது ஒரு வகை. பூட்டே இல்லாமல் வில்லின் அழுத்தத்தில் மட்டும் நிற்பது ஒரு வகை. தகட்டுப் பூட்டு பெரும்பாலும் வலதுகைக்காரருக்கு என்றே செய்வது. என் வீட்டுக்காரி இடதுகைக்காரி. ஒரு ராத்திரி அவளிடம் இதைச் சொன்னேன். “இந்த வீட்டுல எது எனக்கு ஏத்த மாதிரி இருந்திருக்கு?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். கத்தி ஆராய்ச்சி எங்கெல்லாமோ கொண்டுபோய் விடும்.

படித்ததில் மனசு போய் நின்றது ஒப்பினெல் கத்தியில். பிரான்சில் சவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் செய்ய ஆரம்பித்த கத்தி. மரப்பிடி, ஒரே அலகு, கழுத்தில் ஒரு உலோக வளையம். வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. இதில் எட்டாம் நம்பர்தான் பேர் போனது. அலகு எட்டரை சென்டிமீட்டர். மொத்த எடை 50 கிராமைத் தாண்டாது. 260 எங்கே, 50 எங்கே!

பிரான்சில் வேலை பார்க்கும் கூட்டுக்காரன் ஒருவன் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தான். துரு ஏறாத எஃகிலும் கிடைக்கும், கார்பன் எஃகிலும் கிடைக்கும், எது வேண்டும் என்று முன்னாலேயே கேட்டிருந்தான். கார்பன்தான் நல்லாத் தீட்ட வரும், கூரு நிக்கும் என்று படித்த திமிரில் கார்பன் என்று சொல்லியிருந்தேன்.

அவன் கத்தியை நீட்டினான். நான் கையை நீட்டினேன். நடுவில் அம்மா பாய்ந்தாள். “கையில குடுக்காத மோனே! கீழ வையி. கத்திய கையில குடுத்தா சண்ட வரும்.” பிரான்ஸ்காரன் பவ்வியமாகத் தரையில் வைத்தான். நான் பொறுக்கி எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு இதே பயிற்சிதான். அவள் கேட்டால் தரையில் வைப்பேன், அவள் எடுப்பாள். வேலை முடிந்ததும் அவள் வைப்பாள், நான் எடுப்பேன். ஒரு மாதத்தில் உடம்பு தானாகக் குனியப் பழகிவிட்டது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாங்காயை நறுக்கியதும் பளபள அலகு கருநீலமாக மாறியது. புளிப்புப் பட்டால் கார்பன் எஃகு அப்படிக் கறுக்கும், அது அழகு என்று அதைக் கொண்டாடுகிறவர்களே இருக்கிறார்கள். “வாழக்கா கறை பட்ட வேட்டி மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. பொறுத்துக்கொண்டேன்.

பிறகு எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை என்பதைக் கத்தி வாங்கும்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஈரத்தில் மரப்பிடி ஊதிக்கொள்ளும். ஊதினால் அலகு மடங்கும் பள்ளம் இறுகி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். பிடியின் அடியை எதிலாவது ‘டொக்’ என்று தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அது சவாய் ஊர்க்காரர்கள் முறை. அம்மியில் வைத்துத் தட்டினேன். “அம்மி ஒடஞ்சா ஒனக்க பிரான்ஸ்காரனா வாங்கித் தருவான்?”

இந்த நிலைமையில்தான் சக்கை, அதாவது பலா, பழுத்தது.

சக்கை வெட்டத் தெரிந்தவர்கள் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் தொடுவார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் எட்டாம் நம்பரை எண்ணெயில் குளிப்பாட்ட மனசு வரவில்லை. மடல் பிரித்தேன், சுளை எடுத்தேன், அலகு முழுக்கப் பால் பிசுபிசுவென்று அப்பியது. ஒரு துணியில் துடைத்துவிட்டு (துணி இன்னும் அலகில்தான் ஒட்டியிருந்தது, கிழித்துத்தான் எடுத்தேன்) மடக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் திறக்கவில்லை. ஊதின மரம், இறுகின பிசின், ரெண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன. சூடுதண்ணீரில் போட்டேன். மரம் இன்னும் ஊதியது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். வீடு முழுக்க அடுப்படி நாற்றம். கடைசியில் அம்மா பிடுங்கி, இல்லை, தரையிலிருந்து எடுத்து, தேங்காய் எண்ணெயைப் பள்ளத்துக்குள் விட்டு வெயிலில் வைத்தாள். சாயங்காலம் என்னத்தையோ செய்து திறந்தும் விட்டாள். வளையத்தைத் திருகிப் பூட்டினாள். அதன் பிறகு யாரும் அதை மடக்கவில்லை. இப்போது அது அடுக்களையில் ஆணியில் தொங்குகிறது, மடங்காத மடக்குக் கத்தியாக. சாளை மீனுக்கு வயிறு கீற அதைவிட நல்ல கத்தி கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். நான் வாங்கியது என்று மட்டும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் இப்போது என்னிடம் இருப்பது. சிவப்பு நிறத்தில் விக்டோரினாக்ஸ், 58 மில்லிமீட்டர் சின்னது. கத்தி, கத்தரிக்கோல், நகம் ராவும் அரம், முள் பிடுங்கும் சாமணம், பல் குத்தும் குச்சி. அண்ணாச்சி தராசில் 21 கிராம். “மூணு பவுனுக்கு மூணு கிராம் கொறவு” என்றார். கல்யாணச் சந்தையில் பவுன் கணக்கு பார்த்தே பழகிய ஊர், எடை என்றால் அப்படித்தான் வாயில் வரும்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-இல் தொடங்கிய பட்டறை. 1891-இலிருந்து அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்திருக்கிறார். 1909-இல் அம்மா இறந்ததும் அவர் பெயரான விக்டோரியாவையே கத்திக்கு வைத்துவிட்டார். துரு ஏறாத எஃகு வந்த பிறகு 1921-இல் ‘இனாக்ஸ்’ பின்னால் ஒட்டிக்கொண்டது. இதை உருக்கமாக என் அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “அவன் அம்மைக்க பேர கத்தியில போட்டான். நீ கத்திய கெணத்துல போட்ட” என்றாள்.

இந்த 21 கிராமில் அலகு ஒன்றரை அங்குலம்தான். சக்கையிடம் காட்டினால் சக்கை சிரிக்கும். ஆனால் கடையில் பட்டை அறுக்க, சீட்டு கிழிக்க, டேப் வெட்ட இது போதும். ஒரு கல்யாணப் பந்தியில் மாமா ஒருத்தர் பல்லில் அகப்பட்ட தேங்காய்க்குக் குச்சி கேட்டார். கத்தியிலிருந்து உருவிக் கொடுத்தேன். வேலை முடித்து, துடைத்து, பத்திரமாகத் திரும்பச் சொருகித் தந்தார். அன்றிலிருந்து அந்தக் குச்சியை நான் பயன்படுத்துவதில்லை. கத்தியை வண்டிச் சாவியோடு சேர்த்து ஒரே வளையத்தில் கோத்துவிட்டேன். கிணற்றில் விழுந்தாலும் சாவிக்காகவாவது வீட்டில் தேடுவார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி. கடையில் கணக்கு முடிக்க நேரமாகிவிட்டது. சாரல் மழை. வழியில் வாகனச் சோதனை. ஏட்டு ஒருவர் டார்ச்சைக் காட்டி நிறுத்தினார். ஆர்.சி. புக், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்தார். “சாவியக் குடும்” என்றார்.

நான் சாவியை உருவினேன். குனிந்தேன். ரோட்டில் வைத்தேன். ரெண்டு அடி பின்னால் போய் நின்றேன்.

ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் குனிந்து நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது. டார்ச் வெளிச்சம் மெதுவாக என் முகத்திலிருந்து இறங்கி ரோட்டுக்குப் போனது. ஈரத் தாரில் சிவப்பாக ஒன்று மினுங்கியது.

“என்ன வோய் அது?”

“சாவி சார்.”

“சாவி எனக்கும் தெரியும். எதுக்கு கீழ வச்சீரு?”

“அதுல ஒரு பிச்சாத்தி கெடக்கு சார். கையில குடுத்தா சண்ட வரும்னு எனக்க அம்மை...”

ஜீப்பிலிருந்து ஒரு குரல்: “என்னடே அங்க?”

“பிச்சாத்தி சார்!”

ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இதற்காகவே மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன். “சார், ஆயுத விதிகள் 2016 பிரகாரம், அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தாத்தான், அதுவும் வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாததா இருந்தாத்தான்...”

“இது எத்தன அங்குலம்?”

“ஒண்ணர.”

ஏட்டு கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் பெரிய கத்தியாகவே வாங்கியிருக்கலாமோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

“எவ்வளவு பெருசுடே?” என்றது ஜீப்.

ஏட்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். ஜீப்புக்குள் ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஏட்டு குனிந்து சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். அரத்தை விரலில் ஒரு இழுப்பு இழுத்தார். கத்தரிக்கோலை விரித்ததும் அவர் முகம் மாறியது. சட்டைக் கையில் நூல் ஒன்று பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைப் பொறுமையாக நறுக்கினார். காலர் பக்கம் இன்னொரு நூல் இருந்ததை நான் சுட்டிக் காட்டினேன். அதையும் நறுக்கினார். “கொள்ளாமே” என்றார்.

எல்லாவற்றையும் மடக்கினார். என் பக்கம் நீட்டினார். நானும் கை நீட்டப் போனேன். என்னமோ நினைத்துக்கொண்டு, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு கையை இடுப்பில் கொடுத்து, “எம்மோ” என்று குனிந்து, சாவிக்கொத்தை அதே இடத்தில் ரோட்டில் வைத்தார்.

“எடுத்துக்கிட்டுப் போவும்.”